பேச்சித்தாயின் இரண்டு நிமிடம்

பாளையங்கோட்டையில் பேச்சித்தாய் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்த இரண்டு நிமிடம் ஒரு சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குத் தொடங்கி, அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு முடிந்தது. அந்த எட்டு நாளும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் ஹெப்சிபா.

ஹெப்சிபாவுக்கு ஐம்பத்துமூன்று வயது. கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள், அதோடு பதினான்கு வருடமாக வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களின் ஆங்கிலத்தைச் சோதித்து மதிப்பெண் போடுகிற வேலையும் பார்த்தாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் பேச்சுத் தேர்வு நடக்கும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, குரலைப் பதிவுசெய்கிற கருவி, சோப்பு டப்பா அளவில் ஒரு டைமர். ஆயிரக்கணக்கான நர்சுகளும் என்ஜினியர்களும் கல்யாணமாகிப் புருஷனிடம் போகிற பெண்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவளிடம் தங்கள் வாழ்க்கையைச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அவள் அதில் ஒருவரின் கதையைக்கூட ஞாபகம் வைத்திருக்கவில்லை, ஏனென்றால் அவள் கேட்டதெல்லாம் வினைச்சொல் எந்தக் காலத்தில் நிற்கிறது, உச்சரிப்பு எங்கே உடைகிறது என்பதை மட்டும்தான்.

பேச்சித்தாய்க்கு முப்பத்துநான்கு வயது, நர்ஸ். இது அவளுக்கு ஐந்தாவது முயற்சி. நான்கு தடவையும் பேச்சில் ஆறரை வாங்கியிருந்தாள், வேண்டியது ஏழு. இங்கிலாந்தில் கடலோரத்து ஊர் ஒன்றில், வயதானவர்களுக்கான ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை சொல்லிவைத்திருந்தார்கள், அந்த மாதக் கடைசிக்குள் ஏழு வந்து சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று கடிதமும் வந்திருந்தது. இதெல்லாம் ஹெப்சிபாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. அவள் விதிப்படி ஓர் அட்டையை நீட்டினாள். 'நீங்கள் ஒருவருக்கு உதவிய ஒரு சந்தர்ப்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம்.

யோசிக்கும் நேரம் முடிந்ததும் ஹெப்சிபா டைமரைத் தட்டினாள். பேச்சித்தாய் மூன்று விநாடி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்ணார்பேட்டை முக்கில் ஒரு கிழவியைக் கைப்பிடித்துச் சாலை கடக்க வைத்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். அந்தக் கிழவியை ஹெப்சிபாவுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஊர்ப் பயிற்சி மையத்தில் படித்த எல்லாருமே அதே கிழவியை, அதே முக்கில், அதே நீலச்சேலையோடுதான் சாலை கடக்க வைத்தார்கள்.

கிழவி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து ஆசீர்வாதமும் செய்தாயிற்று. ஹெப்சிபா டைமரைப் பார்த்தாள். அது மூன்று விநாடியில் நின்றிருந்தது. புள்ளி மட்டும் கண் சிமிட்டுவதுபோல மின்னிக்கொண்டிருந்தது.

இரண்டு நிமிடம் என்று டைமர் காட்டினால்தான் 'தேங்க் யூ' சொல்லலாம், அதற்கு முன்னால் சொன்னால் தேர்வு செல்லாது. பேச்சித்தாய்க்கும் பயிற்சி மையத்து மாஸ்டர் ஆணி அடித்ததுபோல் ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தார்: "மேடம் தேங்க் யூ சொல்லுத வரைக்கும் நிறுத்தவே கூடாது. நிறுத்துனா மார்க்கு போச்சு." அவள் நிறுத்தவில்லை. இன்னொரு கிழவியைக் கூட்டிவந்தாள். அப்புறம் ஒரு கிழவர். மத்தியானத்துக்குள் அந்த ஊரில் நடக்கமுடியாதவர்கள் அத்தனை பேரையும் சாலை கடக்க வைத்தாள். சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு சினைப்பசுவையும் கடக்க வைத்தாள். டைமரில் மூன்றுதான்.

வெளியே தேர்வு மையப் பொறுப்பாளர் உபால்டு, கண்ணாடியில் மூக்கு படிய நின்று பார்த்துவிட்டு, சென்னைக்குப் போன் போட்டார். சென்னைக்காரர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து இப்படிச் சொன்னார்கள்: டைமர் முடியாதவரை தேர்வு நடந்துகொண்டிருக்கிறது, நடந்துகொண்டிருக்கும்போது சோதிப்பவர் எழுந்து போகக் கூடாது, பேசுகிறவரை நிறுத்தக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, டைமரை மாற்றக் கூடாது.

"சாப்பாடுங்க?" என்று உபால்டு கேட்டார்.

சாப்பாட்டைப் பற்றிப் புத்தகத்தில் எதுவும் இல்லை, இல்லாததைச் செய்துகொள்ளலாம் என்று பதில் வந்தது. அந்த அறை முன்பு லாட்ஜின் பரிமாறும் அறையாக இருந்தது. சுவரில் தட்டு நீட்டுகிற துளை ஒன்று உண்டு, உள்ளேயே ஒரு குளியலறையும் உண்டு. ஆக ஹெப்சிபாவின் புருஷன் கேரியரில் கொண்டுவந்த சோறு துளை வழியாக இரண்டு பேருக்கும் போனது, பேச்சித்தாய் ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் பேசினாள், குளித்துக்கொண்டே பேசினாள், மேசையில் தலைசாய்த்துத் தூங்கும்போதும் பேசினாள். தூக்கத்தில் அவள் வினைச்சொற்களை இறந்தகாலத்தில் சரியாகச் சொல்வதை ஹெப்சிபா கவனித்தாள்.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பேச்சித்தாய்க்காக ஜெபம் செய்தார்கள், அவளுடைய குலசாமியான பேச்சியம்மனுக்கு அவளோடு ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்கள் எலுமிச்சம்பழ மாலை போட்டார்கள், பேச்சியின் பெயரை வைத்துக்கொண்டவள் பேசாமல் வேறென்ன செய்வாள் என்று பூக்காரி சொன்னாள். திங்கட்கிழமைக்குள் ஊருக்கு அது பழகிவிட்டது. மீதித் தேர்வர்களுக்கு எதிர் அறையில் வேறு ஆள் வைத்துத் தேர்வு நடந்தது. டவுன் பஸ் கண்டக்டர்கள் லாட்ஜ் வாசலில் பஸ்ஸை நிறுத்தி, "பேச்சு எறங்கு, பேச்சு எறங்கு" என்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக மாடிக்குக் கூட்டிவந்து ஆங்கிலம் கேட்க வைத்தார்கள். கடிகாரம் பழுது பார்க்கிற சாகுல் ஐயா கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவு வழியாக டைமரை அரைமணி நேரம் பார்த்தார்.

"ரிப்பேரா ஐயா?" என்றார் உபால்டு.

"ரிப்பேர் இல்ல. ஓடத்தான் செய்யுது. ஆனா அது வேற எதையோ எண்ணுது."

செவ்வாய்க்கிழமை பேச்சித்தாய்க்குச் சொற்கள் தீர்ந்தன. அது எப்படித் தெரிந்ததென்றால், அவள் மேசை, நாற்காலி, சுவர், மின்விசிறி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிவிட்டு, மறுபடி மேசையிலிருந்து தொடங்கினாள், குரல் கட்டிப்போய் விசில் மாதிரி வந்தது, நெற்றி முழுக்க வியர்த்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற கூட்டம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் ஓர் ஆட்டோக்காரர்தான் சிகரெட் அட்டையைக் கிழித்து, 'கிளட்ச், கியர், பிரேக், ஓவர்டேக்' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். பேச்சித்தாய் அதைப் பார்த்தாள். பார்த்து, தான் ஒருநாள் ஆட்டோவில் போனதாகவும், பிரேக் பிடிக்கவில்லை என்றும் பேசத் தொடங்கினாள்.

அப்புறம் ஊரே தன்னிடமிருந்த ஆங்கிலத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. ரத்தம் கேட்டு அறிவிப்புப் போட்டால் வருவார்களே, அதேபோல் வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். தையல்காரர் 'ஓவர்லாக்' கொடுத்தார், கோர்ட்டுக் குமாஸ்தா ஆறு முழ நீளத்துக்கு ஒரு வாக்கியம் கொடுத்தார், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி வாயில் நுழையாத பதினெட்டுப் பெயர்கள் கொடுத்தார், ஊர்ச்சண்டைகளில் பிரபலமான ஒருத்தர் 'இடியட்' கொடுத்தார், இட்லிக்கடைக்காரம்மா, "எனக்குத் தெரிஞ்சது சால்ட்டு ஒண்ணுதான், அதை நல்லா பெருசா எழுதுங்க" என்றாள். கதவின் கண்ணாடி மறைகிற அளவுக்குச் சீட்டுகள் ஒட்டப்பட்டன.

இது முறைகேடு ஆகுமா என்று ஹெப்சிபா யோசித்தாள். அறைக்குள் எந்தக் காகிதமும் இருக்கக் கூடாது என்றுதான் விதி. கண்ணாடியின் வெளிப்பக்கம் அறையின் உள்ளே வராது. இப்படி ஒரு நியாயத்தைத் தானே கண்டுபிடித்தது அவளுக்குப் பயமாக இருந்தது, பதினான்கு வருடத்தில் அவள் யாருக்காகவும் ஒரு நியாயத்தைத் தேடியதில்லை.

அன்று மத்தியானம்தான் அது நடந்தது. யாரோ ஒரு பாத்திரக்கடைக்காரர் தம் கடைச் சாமான்களின் பட்டியலை ஒட்டியிருந்தார். பேச்சித்தாய் அதை வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்துப் பேசிக்கொண்டே வந்தாள். பிளேட் என்றாள், பக்கெட் என்றாள், டம்ளர் என்றாள். டம்ளர் என்று சொன்ன இடத்தில் அவள் வாய் திறந்தபடியே நின்றது. வலது கை எதையோ பிடித்திருப்பதுபோல் அரைவட்டமாக மடங்கியது. அடுத்த கணம் அவள் கையை உதறிவிட்டுக் கரண்டிக்குத் தாவிவிட்டாள்.

டைமரில் நான்கு.

ஹெப்சிபா அதைப் பார்த்தாள். அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவள் அட்டையைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, எத்தனையோ ஆயிரம் முறை நீட்டிய அந்த ஒற்றை வரியை முதன்முதலாகக் கேள்வி என்று நினைத்துப் படித்தாள். நீங்கள் ஒருவருக்கு உதவிய ஒரு சந்தர்ப்பம். இந்தப் பெண் நான்கு நாளாக அதைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குப் பட்டது.

ஆனால் அதை அவளிடம் சொல்ல வழியில்லை. சோதிப்பவர் பேசக்கூடிய வாக்கியங்கள் புத்தகத்தில் அச்சடித்தபடி இருந்தன. இரண்டு நிமிடத்துக்கு நடுவில் ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் அனுமதி, அதையும் ஒரே ஒரு தடவைதான் சொல்லலாம்: 'அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா?' ஹெப்சிபா அந்த வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தவறான இடத்தில் சொல்லிவிட்டால் அப்புறம் எதுவும் மிச்சமில்லை. புதன் முழுக்கக் காத்திருந்தாள். பேச்சித்தாய் கப்பலைப் பற்றிப் பேசினாள், கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினாள், தான் பார்த்தேயிராத பனியைப் பற்றி ஒன்றரை மணிநேரம் பேசினாள். குரல் இன்னும் ஒருநாள் தாங்காது என்று தோன்றியது. துளை வழியாக உபால்டு ஒரு சீட்டை நீட்டினார்: 'மேடம், டாக்டர் துளை வழியா பார்த்துட்டுச் சொல்றார், தொண்டையில ரத்தம் வருதாம். ஏதாவது பண்ணுங்க.'

வியாழக்கிழமை காலை, துளையில் டீ வந்தது. வழக்கமாகக் காகிதக் கப்பில் வரும், அன்று கப் தீர்ந்துபோய் லாட்ஜுக்காரர் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அனுப்பியிருந்தார். பேச்சித்தாய் அதைத் தொடவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்த பனி நின்றது.

"டீ," என்றாள். "ஹி ஆஸ்க் டீ."

டைமரில் ஐந்து ஆனது. ஆறு ஆனது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி பனிக்குள் போகப் போகிறாள் என்பது அவள் உதடு குவிந்ததிலேயே தெரிந்தது, ஹெப்சிபா தன் ஒரே வாக்கியத்தை அங்கே போட்டாள்.

"அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா?"

ஆங்கிலத்தில்தான் கேட்டாள், அச்சடித்தபடிதான் கேட்டாள், ஆனால் ஆறு நாளில் அறைக்குள் கேட்ட இரண்டாவது குரல் அது. பேச்சித்தாய் நிமிர்ந்து, அந்த நாற்காலியில் ஓர் ஆள் இருப்பதை அப்போதுதான் கண்டவள்போல் பார்த்தாள்.

அவள் சொன்ன ஆங்கிலம் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் ஆங்கிலமாக இருந்தது. பயிற்சி மையத்தின் சொல்லும் ஊர் கொடுத்த சொல்லும் அதில் ஒன்றுகூட இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் வார்டில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் இருந்தார், குற்றாலிங்கம் என்று பேர், தாலுகா ஆபீஸில் டவாலிச் சேவகராக இருந்து ஓய்வுபெற்றவர். வயிற்றுக்குள் எல்லாம் கெட்டுப்போயிருந்தது. வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்தார். பெரியவர் நான்கு நாளாக டீ கேட்டார். ஊசி போடுகிறவளிடம் கேட்டார், கூட்டுகிறவளிடம் கேட்டார், மகளிடம் கேட்டார், கடைசியில் யாரும் இல்லாதபோது சுவரிடம் கேட்டார். ஐந்தாம் நாள் மத்தியானம் மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில், பேச்சித்தாய் நர்சுகள் அறையில் தனக்கு வைத்திருந்த டீயை ஒரு டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய், திரையை இழுத்துவிட்டு, தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். பாதி டம்ளர் குடித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு இறந்துபோனார். அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வார்டு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, அன்றையிலிருந்து பழைய நோயாளிகளின் காகிதங்களை அடுக்கிவைக்கிற அறையில் உட்கார்ந்திருந்தாள்.

இதைச் சொல்லும்போது டைமர் கடிகாரம் மாதிரி ஓடியது. ஹெப்சிபா அதைப் பார்த்துக்கொண்டும் பார்க்காமலும் இருந்தாள். வினைச்சொல் எல்லாம் தப்பான காலத்தில் இருந்தன, கிவ் என்றாள், டிரிங்க் என்றாள், டை என்றாள், மூன்று வருடத்துக்கு முன்னால் முடிந்துபோன எல்லாமும் இப்போது நடந்துகொண்டிருந்தது.

"மேடம்," என்றாள் பேச்சித்தாய் கடைசியில். "ஐ ஹெல்ப்? ஐ நாட் ஹெல்ப்?"

டைமர் ஒரு நிமிடம் ஐம்பத்தொன்பது விநாடியில் நின்றது.

அதற்குப் பதில் சொல்ல ஹெப்சிபாவுக்கு அனுமதி இல்லை. பேச்சித்தாய் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள், வியாழன் முழுக்கக் கேட்டாள், வெள்ளிக்கிழமையும் கேட்டாள், ஐந்து சொல்லைத் தவிர அவள் வாயிலிருந்து வேறெதுவும் வரவில்லை. கண்ணாடி வழியாகக் கேட்டது படியிறங்கித் தெருவுக்குப் போனது. தெரு இரண்டாகப் பிரிந்தது. சாகப்போகிற மனுசனுக்கு டீ கொடுக்காமல் வேறென்ன கொடுப்பார்கள் என்று டீக்கடையில் பாதிப்பேர் சொன்னார்கள், நாளைக்கு நம் வீட்டு ஆளுக்கும் இப்படி ஒருத்தி எதையாவது ஊற்றிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மீதிப்பேர் கேட்டார்கள். கோர்ட்டுக் குமாஸ்தா வந்து தம் வாக்கியத்தைக் கண்ணாடியிலிருந்து உரித்து எடுத்துக்கொண்டு போனார். இன்னும் பலர் தங்கள் சொற்களைத் திருப்பி எடுத்தார்கள். அந்தக் காலியிடத்தில் யாரோ 'மர்டர்' என்று எழுதி ஒட்டினார்கள், இட்லிக்கடைக்காரம்மா அதைக் கிழித்து எறிந்தாள், மறுபடி ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை மாலை இரண்டு போலீஸ்காரர்கள் வந்து படிக்கட்டின் கீழே நின்றார்கள். யார் அனுப்பினார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் வழிவிட்டது. ஹெப்சிபா அதைக் கண்ணாடியின் இடைவெளிகள் வழியாகப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான பெண், கையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் திணித்த ஃபைல் ஒன்று. கூட்டம் அவளைத் தொடாமல் ஒதுங்கிய விதத்திலேயே யாரென்று தெரிந்தது. கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சொர்ணம், குற்றாலிங்கத்தின் மகள்.

"உள்ள போகக் கூடாதும்மா. பரீட்சை நடக்குது," என்றார் உபால்டு.

"அவள ஒண்ணு கேக்கணும்."

"முடிஞ்சப்புறம் கேளுங்க."

"எட்டு நாளா முடியலைல்லா. எப்ப முடியும், சொல்லுங்க."

உபால்டு கண்ணாடி வழியாக டைமரைப் பார்த்தார். சொர்ணம் 'மர்டர்' என்ற சீட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து நின்றாள். அவள் முகத்தில் என்ன இருந்ததென்று ஹெப்சிபாவால் படிக்க முடியவில்லை. போலீஸ்காரர்கள் மேலே ஏறி வருகிற சத்தம் கேட்டது. உள்ளே பேச்சித்தாய் சொர்ணத்தைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு அந்த முகம் தெரியும். ஐ ஹெல்ப், ஐ நாட் ஹெல்ப் என்பது இப்போது சத்தமே இல்லாமல் உதட்டில் மட்டும் ஓடியது.

ஹெப்சிபா எழுந்தாள். எட்டு நாள் உட்கார்ந்த கால்கள் மரத்திருந்ததால் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

"மேடம், கதவத் தொறந்தா எல்லாம் போயிரும்!" என்று வெளியிலிருந்து உபால்டு கத்தினார். "அவ மார்க்கும் போயிரும், ஒங்க வேலையும் போயிரும்!"

அவர் சொன்னது சரிதான். பின்னால் சென்னையிலிருந்து அந்தத் தேர்வு செல்லாது என்று கடிதம் வந்தது, மாதம் முடிந்து அந்த வேலை வேறொருத்திக்குப் போனது, பேச்சித்தாய் ஆறு வாரம் கழித்து மதுரையில் மறுபடி எழுதி, பிடித்த நகரம் எது என்ற கேள்விக்குச் சரியாக இரண்டு நிமிடம் பேசி ஏழு வாங்கி, வேறொரு ஊருக்கு, வேறொரு ஆஸ்பத்திரியின் வார்டுக்குப் போனாள். ஹெப்சிபாவின் பெயரைச் சோதிப்பவர்கள் பட்டியலிலிருந்து அடித்தார்கள், அந்தக் கடிதத்தில் இருந்த இரண்டு இலக்கணப் பிழைகளை அவள் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினாள். இதெல்லாம் பிறகு நடந்தவை. அந்தச் சனிக்கிழமை அவள் கதவைத் திறந்தாள்.

சொர்ணம் உள்ளே வந்தாள். உட்காரவில்லை. பேச்சித்தாய் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள், அடி விழுந்தால் வாங்கிக்கொள்வதற்குத் தோதாகக் கைகளைத் தொங்கவிட்டிருந்தாள்.

"எங்கப்பாவுக்கு நாந்தான் கடைசியா மூஞ்சி தொடச்சேன்," என்றாள் சொர்ணம். "மீசையில டீ வாசம் அடிச்சுது. மூணு வருசமா சொல்லுதேன், ஒருத்தரும் நம்பல. மருந்து வாசம்ன்னாங்க. எனக்கு மூளை கலங்கிப் போச்சுன்னாங்க. எம் புருசன் என்னய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாரு."

வாசலில் போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள்.

"நீதான குடுத்த?"

"யெஸ்," என்றாள் பேச்சித்தாய். எட்டு நாளில் அவளுக்குத் தமிழ் எங்கே இருக்கிறதென்று சட்டென்று தெரியவில்லை.

சொர்ணம் ஃபைலை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஹெப்சிபா இரண்டு பேருக்கும் நடுவில் போய் நிற்கலாமா என்று ஓரடி எடுத்துவைத்தாள்.

"சீனி போட்டியா?"

பேச்சித்தாய்க்குக் கேள்வி விளங்கவில்லை. ஹெப்சிபாவுக்கும் விளங்கவில்லை.

"சர்க்கரை வியாதி அவருக்கு. பதினோரு வருசம் நான் சீனி டப்பாவ பூட்டி வச்சேன். கையப் பிடிச்சுக் கெஞ்சுவாரு, குடுக்க மாட்டேன். கேக்கேன்ல, சீனி போட்டியா, இல்ல வெறும் டீயா?"

"சீனி," என்று பேச்சித்தாயின் வாய் தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போனது. "டூ ஸ்பூன்."

"ரெண்டா?" சொர்ணத்தின் முகம் கோணியது. "ரெண்டு பத்தாதே அவருக்கு. மூணு வேணுமே."

"யெஸ். ஹி ஆஸ்க்," என்றாள் பேச்சித்தாய். "ஒன் மோர், ஒன் மோர், ஹி ஆஸ்க். ஐ நாட் கிவ்."

டைமர் அடித்தது.

மெல்லிய சத்தம்தான், குருவி கத்துகிற மாதிரி மூன்று முறை. ஆனால் எட்டு நாளாக ஒரு குரலைக் கேட்டுப் பழகியிருந்த லாட்ஜும் படிக்கட்டும் தெருவும் அந்தக் குரல் நின்றுபோனதில் காது அடைத்ததுபோல் ஆகி, வாசலில் பஸ்ஸை நிறுத்தியிருந்த கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். ஹெப்சிபா, சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்து, "தேங்க் யூ," என்றாள்.

சொர்ணம் பேச்சித்தாய்க்குப் பக்கத்தில் போனாள். மிக அருகில் போய், ஃபைலைக் கீழே போட்டுவிட்டு, அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் ஏதோ ஒட்டியிருப்பதைத் தேடுகிறவள்போல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் தோளில் தன் நெற்றியை வைத்தாள்.

"குடுத்துருக்கலாம்லட்டி," என்றாள். "அந்த மூணாவதையும் குடுத்துருக்கலாம்ல."